கலியாண விசா: கேள்விப்பட்டதும் உள்ளதும்

“இன்டர்வியூவுக்குக் கூப்பிடுவினம். கட்டிலிலை ஆர் எந்தப் பக்கம் படுக்கிறது எண்டும் கேப்பினம். வீட்டிலை இருக்கிற ஒறிஜினல் எல்லாத்தையும் கட்டிக்கொண்டு போகோணும்.”

லண்டனில் ஒரு தமிழ் வீட்டில் கலியாணம் நிச்சயமாகி, மாப்பிள்ளையோ பெண்ணோ கொழும்பிலோ சென்னையிலோ இருந்தால், முதலில் காதில் விழும் அறிவுரை இதுதான். சொல்பவர் அக்கறையோடுதான் சொல்கிறார். ஆனால் அவர் சொல்வது அமெரிக்காவின் நடைமுறை. அங்கே திருமணத்தின் வழியாகக் கிரீன் கார்ட் கேட்டால், குடிவரவுத் துறை அலுவலகத்திலோ வெளிநாட்டிலுள்ள தூதரகத்திலோ நேர்காணல் வழமையான ஒரு கட்டம். நியூ ஜெர்சியில் இருக்கும் சித்தப்பா சொன்னது லண்டனுக்கு வருகிறது. 1990இல் வந்த ‘கிரீன் கார்ட்’ போன்ற திரைப்படங்களும் அந்தக் காட்சியை உலகம் முழுக்கப் பதித்துவிட்டன.

பிரித்தானியாவில் துணைவர் விசா பெரும்பாலும் கடதாசியை வைத்தே தீர்மானிக்கப்படுகிறது. விண்ணப்பம் இணையத்தில் போகிறது, ஆவணங்கள் ஸ்கேன் செய்யப்பட்டுப் போகின்றன. விண்ணப்பதாரர் விசா விண்ணப்ப நிலையத்துக்கு ஒரு தடவை போய்க் கைரேகையும் முகப்படமும் கொடுக்கிறார், கடவுச்சீட்டைக் காட்டுகிறார். அந்த மேசையில் இருப்பவர் ஒப்பந்த நிறுவனம் ஒன்றின் ஊழியர். விசா தருவதற்கோ மறுப்பதற்கோ அவருக்கு அதிகாரம் இல்லை. அவரிடம் காதல் கதை சொல்லத் தேவையில்லை, அல்பத்தை விரித்துக் காட்டவும் தேவையில்லை. ஏற்கனவே லண்டனில் இருந்துகொண்டு விசாவை நீட்டிப்பவருக்கும் இதேதான். நேர்காணலுக்கு அழைக்கும் அதிகாரம் உள்துறை அமைச்சான ஹோம் ஒபிஸுக்கு உண்டு. உறவு உண்மையானதா என்று ஐயம் வந்தால் அழைப்பார்கள். அழைத்தால் கடிதம் வரும், என்ன கொண்டுவர வேண்டும் என்று அந்தக் கடிதத்திலேயே எழுதியிருக்கும். கடவுச்சீட்டு, அந்தக் கடிதம், அதில் கேட்டவை ஆகிய மூன்றையும் மறக்கக்கூடாது. தமிழில் பேசவேண்டுமென்றால் முன்கூட்டியே கேளுங்கள், மொழிபெயர்ப்பாளரை அவர்களே ஒழுங்கு செய்வார்கள். மைத்துனரைக் கூட்டிக்கொண்டு போய் அவர் வாயால் பதில் சொல்ல முடியாது.

ஆனால் நம் பெரியவர்களின் பயத்தை வெறும் புரளி என்று தள்ளவும் எனக்கு மனம் இல்லை. அந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1979 ஜனவரி 24ஆம் திகதி, லண்டனில் வசித்த தன் வருங்காலக் கணவரை மணக்க இந்தியாவிலிருந்து ஹீத்ரோவில் வந்திறங்கிய 35 வயது ஆசிரியை ஒருவரை, அவர் சொல்வது உண்மையா என்று பார்க்கக் கன்னித்தன்மைச் சோதனைக்கு உட்படுத்தினார்கள். அடுத்த சில நாட்களில் ‘கார்டியன்’ நாளிதழ் அதை வெளிக்கொண்டுவந்த பிறகே அந்தக் கொடுமை நிறுத்தப்பட்டது. 1980களிலும் 90களிலும் வேறொரு விதி இருந்தது. இங்கே குடியேறுவது இந்தக் கலியாணத்தின் முதன்மை நோக்கம் அல்ல என்று தம்பதியரே நிரூபிக்க வேண்டும். தென்னாசியாவிலுள்ள பிரித்தானியத் தூதரகங்களில் நீண்ட நேர்காணல்கள் நடந்த காலம் அது. அந்த விதி 1997 ஜூனில் நீக்கப்பட்டது. பிள்ளை தன்னுடையது என்று நிரூபிக்கக் கடதாசி போதாமல் இரத்தத்தைக் கொடுக்கவேண்டிய நிலையும் இருந்தது. லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரிஸ் கண்டுபிடித்த டி.என்.ஏ. கைரேகை முறை முதன்முதலில் பயன்பட்டதே 1985இல், கானாவிலிருந்து வந்த ஒரு சிறுவன் தன் தாயின் பிள்ளைதான் என்று காட்டும் குடிவரவு வழக்கில்தான். இவற்றைக் கண்ட தலைமுறை இன்னும் பயப்படுவதில் வியப்பில்லை. விதிகள் மாறிவிட்டன என்பதைத்தான் நாம் அவர்களுக்கு எடுத்துச் சொல்லவேண்டும்.

லண்டனில் இரண்டு பேரும் கட்டாயம் நேரில் உட்காரவேண்டிய ஒரு மேசை உண்மையில் இருக்கிறது. அதைப் பற்றித்தான் யாரும் எச்சரிப்பதில்லை. இங்கே பதிவுத் திருமணம் செய்ய விரும்பும் எவரும் ரெஜிஸ்டர் ஒபிஸில் முன்னறிவித்தல் கொடுக்கவேண்டும். “அது ஒரு ஃபோர்ம் நிரப்புற வேலைதானே, நாளைக்குப் போய்க் குடுத்திட்டு அடுத்த கிழமை எழுத்தை வைக்கலாம்” என்று நினைக்கிறார்கள். 2015 மார்ச் 2ஆம் திகதிக்கு முன் காத்திருப்பு 15 நாட்களாக இருந்தது. அன்றிலிருந்து 28 நாட்கள். இருவரில் ஒருவர் குடிவரவுக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவராக இருந்து விதிவிலக்கு எதுவும் இல்லையென்றால், பதிவாளர் விவரத்தை ஹோம் ஒபிஸுக்கு அனுப்பவேண்டும். ஹோம் ஒபிஸ் விசாரிக்க முடிவு செய்தால் காத்திருப்பு 70 நாட்கள் ஆகும். அந்த விசாரணைக்கு ஒத்துழைக்காவிட்டால் அந்த அறிவித்தலை வைத்துக் கலியாணம் செய்ய முடியாது. திருமணப் பார்வையாளர் விசாவிலோ வருங்காலத் துணைவர் விசாவிலோ வந்தவரும், நிரந்தர வதிவுரிமை உள்ளவரும் அதைக் காட்டினால் இந்த அனுப்புதலுக்குள் வரமாட்டார்கள். ஆகவே முகூர்த்தம் பார்த்து, மண்டபத்துக்கு முற்பணம் கட்டி, அழைப்பிதழ் அச்சடித்த பிறகு அறிவித்தல் கொடுக்கப் போகாதீர்கள். அறிவித்தலுக்கு நாள் எடுத்த பிறகே மற்றவற்றில் கை வையுங்கள்.

அந்த மேசையில் பதிவாளர் ஒவ்வொருவரையும் தனித்தனியே கேட்பது வழக்கம். மற்றவரின் முழுப்பெயர், பிறந்த திகதி, தொழில், முன்பு கலியாணம் ஆனவரா என்பவை சாதாரணக் கேள்விகள். ஆனால் பெண் பார்த்து, பேசி, நிச்சயித்து, நாலு தடவை சந்தித்த இருவருக்கு மற்றவரின் நடுப்பெயரோ பிறந்த ஆண்டோ தெரியாமல் போவது நம்மிடையே அரிதல்ல. பாடமாக்கிக்கொண்டு போகச் சொல்லவில்லை. ஒருவரை ஒருவர் கேட்டு அறிந்துகொண்டு போங்கள், அது எப்படியும் வாழ்க்கைக்குத் தேவையானது. சந்தேகம் தட்டினால் ஹோம் ஒபிஸுக்கு அறிவிப்பது பதிவாளருக்குச் சட்டம் விதித்த கடமை. 1999ஆம் ஆண்டின் குடிவரவு, புகலிடச் சட்டத்திலிருந்தே அந்தக் கடமை இருக்கிறது.

அந்த மேசைக்குக் கொண்டுபோக வேண்டியவை குறைவானவைதான். செல்லுபடியாகும் கடவுச்சீட்டு. முகவரிச் சான்று. முன்பு மணமானவர் என்றால் விவாகரத்துத் தீர்ப்பு அல்லது துணையின் மரணச் சான்றிதழ், பெயர் மாற்றியிருந்தால் அதற்கான பத்திரம். ஹோம் ஒபிஸுக்கு அனுப்பப்படுபவர் என்றால் கடவுச்சீட்டு அளவுப் படமும், குடிவரவு நிலையைக் காட்டும் ஆவணமும். இதில் அதிகமாகச் சறுக்குவது முகவரிச் சான்றில்தான். ஆறு மாதத்துக்கு முந்தைய மின்கட்டண பில்லைக் கொண்டுபோனால் திருப்பி அனுப்புவார்கள். வங்கிக் கூற்று என்றால் கடந்த ஒரு மாதத்துக்குள், எரிவாயு, மின்சார பில் என்றால் மூன்று மாதத்துக்குள் இருக்கவேண்டும். கவுன்சில் டக்ஸ் பில் ஒரு வருடத்துக்குள் இருந்தால் போதும். முன்பு மணமான விவரத்தை மறைப்பவர்களும் உண்டு, ஊரில் நடந்து முறிந்த கலியாணம் என்றால் இங்கே தெரியாது என்று நினைத்து. அந்த விவாகரத்து வெளிநாட்டில் நடந்திருந்தால் அந்தப் பத்திரமும் மொழிபெயர்ப்பும் வேண்டும், அதைச் சரிபார்க்க நேரமும் எடுக்கும்.

“பிள்ளை இங்கைதானே பிறந்தது, பிறப்புப் பத்திரம் போதும்.” அந்த மேசையில் குடியுரிமையைக் காட்ட எல்லாருக்கும் அது போதாது. 1983 ஜனவரி 1ஆம் திகதிக்கு முன் இங்கே பிறந்தவருக்கு, பெற்றோர் வெளிநாட்டுத் தூதுவர்களாக இருந்தாலொழிய, பிறப்புச் சான்றிதழே பிரித்தானியக் குடியுரிமையைக் காட்டிவிடும். அன்றிலிருந்து பிறந்தவர்களுக்குக் குடியுரிமை, பிறந்த நேரத்தில் தாயோ தந்தையோ பிரித்தானியராகவோ நிரந்தர வதிவுரிமை உள்ளவராகவோ இருந்தார்களா என்பதைப் பொறுத்தது. 80களின் இறுதியில் அகதிக் கோரிக்கை முடிவாகாமல் இருந்த பெற்றோருக்கு லூயிஷாமிலோ ஈஸ்ட் ஹாமிலோ பிறந்த பிள்ளைகள் பலர், பிறக்கும்போது பிரித்தானியராக இருக்கவில்லை. பின்னர் பதிவு செய்து ஆனார்கள். கடவுச்சீட்டைக் கொண்டுபோவதே சுருக்கமான வழி.

“விசா இல்லாத ஆளுக்கு இங்கை கலியாணமே எழுத ஏலாது.” ஒரு காலத்தில் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது. 2005 முதல், குடிவரவுக் கட்டுப்பாட்டுக்குள் இருந்தவர் மணம் செய்ய ஹோம் ஒபிஸின் அனுமதிச் சான்றிதழ் வாங்கவேண்டியிருந்தது. பிரபுக்கள் சபையின் நீதிபதிகள் 2008இல் அந்த முறையைக் கண்டித்துத் தீர்ப்பளித்தார்கள், 2011 மே மாதத்தில் அது நீக்கப்பட்டது. மணம் செய்யும் உரிமை வேறு, இங்கே தங்கும் உரிமை வேறு. எழுத்து முடிந்த மறுநாளே தங்கும் உரிமை வந்துவிடாது. அகதி அந்தஸ்துப் பெற்றவர் ஹோம் ஒபிஸ் வழங்கிய பயண ஆவணத்தைக் கொண்டுபோகலாம். கடவுச்சீட்டு ஹோம் ஒபிஸின் கையில் இருக்கிறது என்றால், எதை ஏற்பார்கள் என்று ரெஜிஸ்டர் ஒபிஸையே முதலில் கேட்டறியுங்கள். அகதிக் கோரிக்கை நிலுவையில் இருப்பவர் கலியாணத்துக்காகப் புதுக் கடவுச்சீட்டு எடுக்கவென்று தன் நாட்டுத் தூதரகத்தின் படியேறுவது அந்தக் கோரிக்கையையே பாதிக்கக்கூடும். வழக்கறிஞரைக் கேட்காமல் அதைச் செய்யவே கூடாது.

அதேபோல, சாதாரணப் பார்வையாளர் விசாவில் வந்து கலியாணம் செய்து, இங்கிருந்தே துணைவர் விசாவுக்கு மாறிவிடலாம் என்பதும் தவறு. சாதாரணப் பார்வையாளர் இங்கே மணம் செய்யவே முடியாது, அதற்கென்று தனி விசா உண்டு. அந்தத் தனி விசாவில் வந்து மணந்தாலும் திரும்பிப் போய்த்தான் விண்ணப்பிக்கவேண்டும்.

இனிக் கோவில் கலியாணம். விம்பிள்டன் பிள்ளையார் கோவிலிலோ ஹைகேட் முருகன் கோவிலிலோ ஐயர் மந்திரம் சொல்லி, அக்கினி வலம் வந்து, ஐந்நூறு பேர் பார்க்கத் தாலி ஏறினால், அதைவிடப் பெரிய சான்று வேறென்ன என்று கேட்கிறார்கள். மனதளவில் நானும் அந்தப் பக்கம்தான். ஆனால் இங்கிலாந்துச் சட்டம் வேறுவிதமாகப் பார்க்கிறது. 1949ஆம் ஆண்டின் திருமணச் சட்டப்படி, கட்டடம் திருமணத்துக்கெனப் பதிவாகியிருக்கவேண்டும், முன்னறிவித்தல் கொடுத்திருக்கவேண்டும், பதிவாளரோ அதிகாரம் பெற்ற ஒருவரோ அங்கே இருக்கவேண்டும். இல்லையென்றால் அது சமயச் சடங்கு மட்டுமே. காந்தி, பட்டேல் வழக்கு என்று அறியப்படும் வழக்கில், லண்டன் உணவகமொன்றில் பிராமணப் புரோகிதர் நடத்திய இந்துக் கலியாணம் சட்டப்படி திருமணமே அல்ல என்று உயர் நீதிமன்றம் சொன்னது. சவுத்தோல் உணவகத்தில் 1998இல் நடந்த ஒரு நிக்காஹ் தொடர்பாக 2020 பெப்ரவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதே முடிவுக்கு வந்தது. அந்தத் தம்பதியருக்கு நான்கு பிள்ளைகள். பல வருடம் கணவன் மனைவியாக வாழ்ந்தும் சட்டத்தின் கண்ணில் அவர்கள் மணமானவர்கள் அல்ல. ஆகவே கோவில் அலுவலகத்தில் இரண்டு கேள்வி கேளுங்கள்: இந்தக் கட்டடம் திருமணத்துக்குப் பதிவானதா, பதிவாளரோ அதிகாரம் பெற்றவரோ இருப்பாரா. இரண்டில் ஒன்றுக்கு இல்லையென்று பதில் வந்தால், ரெஜிஸ்டர் ஒபிஸில் எழுத்தை முடித்துவிட்டுக் கோவிலுக்குப் போங்கள்.

கலியாணம் ஊரில் நடந்தால், நடந்த நாட்டின் சட்டப்படி அது செல்லவேண்டும், அதைக் காட்டும் சான்றிதழ் வேண்டும். யாழ்ப்பாணத்தில் நல்லூர் வீதி மண்டபத்தில் தாலிகட்டும் நாளன்றே எழுத்தும் நடப்பது வழக்கம் என்பதால் நம்மவர்களுக்கு இதில் சிக்கல் குறைவு. விவாகச் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் எடுக்கலாம். தமிழ்நாட்டிலிருந்து வருபவர்களுக்கு ஒரு சொல். 1967இல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது கொண்டுவரப்பட்ட திருத்தம் சுயமரியாதைத் திருமணத்தைச் சட்டப்படி செல்லுபடியாக்கியது. ஐயர் வந்தாரா இல்லையா என்பது விசா அதிகாரிக்குப் பொருட்டல்ல. ஆனால் 2009ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி எல்லாத் திருமணங்களையும் பதிய வேண்டும், அதற்கு 90 நாள் கெடு உண்டு. கோவில் ரசீது அந்தச் சான்றிதழின் இடத்தை நிரப்பாது.

நம்மை அதிகம் அலைக்கழிப்பது பெயர்தான். தகப்பன் பெயர் முன்னுக்கு வந்து சொந்தப் பெயர் பின்னுக்கு வருவது நம் வழக்கம். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்துக்கூட்டல், அடையாள அட்டையில் இன்னொன்று, கடவுச்சீட்டில் மூன்றாவது. ராஜா என்று முடியும் பெயர் ஓரிடத்தில் ‘எச்’ எழுத்தோடும் இன்னோரிடத்தில் அது இல்லாமலும் நிற்கும். தமிழ்நாட்டுக்காரருக்கு இனிஷியல் ஒரு கடவுச்சீட்டில் விரிந்தும் மற்றதில் சுருங்கியும் கிடக்கும். 80களிலும் 90களிலும் ஏஜென்சிக்காரர் கொடுத்த பெயரோடு வந்து அந்தப் பெயரிலேயே இங்கே வாழ்பவர்களும் உண்டு. “எல்லாத்திலையும் ஒரே பேர் இல்லாட்டி ரிஜெக்ட்” என்ற பயத்தில், ஊருக்கு ஆள் அனுப்பிப் பிறப்புப் பத்திரத்தையே ‘திருத்தி’ எடுக்கிறார்கள். இது மிகவும் ஆபத்தானது. எழுத்துக்கூட்டல் வேறுபாட்டை விளக்கலாம். பிழையான ஆவணத்தை விளக்கவே முடியாது. அது தெரிய வந்தால் விண்ணப்பம் மறுக்கப்படுவதோடு, அந்தக் கறை பிறகு போடும் ஒவ்வொரு விண்ணப்பத்திலும் கூடவே வரும். விண்ணப்பத்தில் வேறு பெயர்களால் அறியப்பட்டிருக்கிறீர்களா என்று ஒரு கேள்வி இருக்கிறது. ரெஜிஸ்டர் ஒபிஸிலிருந்து ஹோம் ஒபிஸுக்கு அனுப்பப்படுபவரிடமும் அதையே கேட்பார்கள். எல்லா வடிவங்களையும் அங்கே எழுதுங்கள். தேவையென்றால், இந்த இரண்டு பெயரும் ஒருவருடையதே என்ற சத்தியக்கடதாசியை இணையுங்கள்.

மணமானதும் பெண் கடவுச்சீட்டைக் கணவன் பெயருக்கு மாற்றியாக வேண்டும் என்பதும் உண்மையல்ல. பிறந்த வீட்டுப் பெயரிலுள்ள கடவுச்சீட்டிலேயே விண்ணப்பிக்கலாம், விவாகச் சான்றிதழே இருவரையும் இணைக்கிறது. இந்தியாவில் கணவனின் கையெழுத்தில்லாமல் மனைவிக்குக் கடவுச்சீட்டுக் கிடைக்காது என்று சொல்வதையும் கேட்டிருக்கிறேன். 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் அப்படி ஒரு அனுமதி தேவையில்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. மனைவியைக் கணவனின் உடைமையாக எண்ணும் மனப்போக்கையும் அந்தத் தீர்ப்பு கண்டித்தது.

முத்திரை பற்றி. சமாதான நீதவான், நொத்தாரிசு, வெளியுறவு அமைச்சு என்று ஒவ்வொரு கடதாசியிலும் சீல் குத்தி அனுப்புகிறார்கள், அதற்குக் கொடுக்கும் காசு வீண். ஹோம் ஒபிஸ் கேட்பது எளிது. ஆங்கிலத்திலோ வெல்ஷ் மொழியிலோ இல்லாத ஆவணத்துக்கு முழு மொழிபெயர்ப்பு வேண்டும். மூலத்துக்குச் சரியானது என்ற உறுதிமொழி, திகதி, மொழிபெயர்த்தவரின் முழுப்பெயர், கையொப்பம், தொடர்பு விவரம் ஆகியவை அதில் இருக்கவேண்டும். சிங்களத்தில் இருக்கும் கொழும்புச் சான்றிதழுக்கும் தமிழில் இருக்கும் வடமாகாணச் சான்றிதழுக்கும் ஒரே விதிதான். ஆங்கிலம் தெரிந்த தம்பி வீட்டிலிருந்து மொழிபெயர்த்தால் சரிவராது.

“கலியாண அல்பம் முழுக்க அனுப்பு, 300 படம் போடு.” படம் வேண்டாம் என்று சொல்லமாட்டேன், பத்துப் பன்னிரண்டு போதும். பெற்றோர் பேசி நிச்சயித்த கலியாணம் என்பதால் சந்தேகப்படுவார்கள் என்று காதல் கதை கட்டுவதும் வேண்டாம். பேசி முடித்த கலியாணத்தை ஹோம் ஒபிஸ் ஏற்கிறது, உள்ளதை உள்ளபடி எழுதினால் போதும். ஆனால் இருவரும் நேரில் சந்தித்திருக்கவேண்டும் என்பது விதி. வட்ஸ்அப்பில் மட்டும் பார்த்து நிச்சயித்துவிட்டு விண்ணப்பிக்க முடியாது. கடவுச்சீட்டிலுள்ள முத்திரைகள், விமானப் பயணச்சீட்டு, பல மாதங்களாகத் தொடர்ந்த உரையாடலின் சில பக்கங்கள் ஆகியவை அல்பத்தைவிடப் பெறுமதியானவை. வருமான விதி தனிக்கதை. 2024 ஏப்ரல் 11 முதல் புதிதாக விண்ணப்பிப்பவரின் துணை வருடத்துக்கு 29,000 பவுண் காட்டவேண்டும், அதற்கு முன் 18,600. சம்பளச் சிட்டையும் வங்கிக் கூற்றும் ஒன்றோடொன்று பொருந்தவேண்டும். விண்ணப்பங்கள் பல சறுக்குவது இங்கேதான், படம் குறைந்ததால் அல்ல.

விசா கிடைத்துப் பெண் வந்து சேர்ந்த பிறகு எல்லாரும் மூச்சு விடுகிறார்கள். அப்போதுதான் அடுத்த விண்ணப்பத்துக்கான கணக்குத் தொடங்குகிறது. வெளிநாட்டிலிருந்து வருபவருக்குக் கிடைப்பது 33 மாதம், பிறகு நீட்டிக்கவேண்டும். அப்போது, சேர்ந்து வாழ்கிறீர்கள் என்று காட்ட, கடந்த இரண்டு வருடத்தில் பரவலாக வந்த ஆறு கடிதங்கள், குறைந்தது மூன்று வெவ்வேறு இடங்களிலிருந்து, இருவர் பெயருக்கும் ஒரே முகவரிக்கு வந்தவையாகக் கேட்கிறார்கள். இருவர் பெயரும் சேர்ந்து இல்லாவிட்டால் ஒவ்வொருவர் பெயருக்கும் தனித்தனியே வந்தவற்றைக் காட்டலாம். நம் வீடுகளில் நடப்பது என்ன? வீடு கணவன் பெயரில் அல்லது மாமா பெயரில். கவுன்சில் டக்ஸ், தண்ணீர், மின்சாரம், இணையம் எல்லாமே அவர்கள் பெயரில். பெண்ணின் பெயர் அந்த வீட்டின் எந்தக் கடிதத்திலும் இல்லை. இரண்டரை வருடம் கழித்து அவசர அவசரமாகத் தேடினால், குடும்ப வைத்தியரின் தடுப்பூசிக் கடிதம் ஒன்றுதான் அகப்படும். வந்த முதல் மாதத்திலேயே அவள் பெயரில் வங்கிக் கணக்குத் திறந்து, வைத்தியரிடம் பதிந்து, கவுன்சில் டக்ஸில் அவள் பெயரையும் சேர்த்துவிடுங்கள். வரும் கடிதங்களை ஒரு கோப்பில் போட்டு வைக்கச் சொல்லுங்கள், அவளையே வைக்கச் சொல்லுங்கள்.

இந்த வேலைகளுக்கெல்லாம் ஈலிங் வீதியிலோ டூட்டிங்கிலோ கடைக்குப் பின்னால் இருக்கும் ‘அண்ணை’ போதும் என்பது இன்னொரு நம்பிக்கை. தட்டச்சுச் செய்து கொடுப்பது வேறு. எந்த விசாவுக்குப் போடலாம், எதை எழுதலாம், எதை விடலாம் என்று ஆலோசனை சொல்வது வேறு. பின்னையதைப் பதிவில்லாமல் செய்வது இந்த நாட்டில் குற்றம். காசு வாங்காமல் செய்தாலும் அப்படித்தான். ஆலோசகர்களை மேற்பார்க்கும் அமைப்பு 2025 ஜனவரி முதல் இமிகிரேஷன் அட்வைஸ் அதோரிட்டி என்று அழைக்கப்படுகிறது. பதிவானவர்களின் பெயர்ப்பட்டியல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. சொலிசிட்டர் என்றால் அவர்களுக்குத் தனி ஒழுங்குமுறை அமைப்பு உண்டு. பிழை நடந்தால் அண்ணை கையொப்பம் போட்டிருக்கமாட்டார், உங்கள் கையொப்பம் மட்டுமே அதில் இருக்கும்.

கடைசியாக, எனக்கு மிகவும் மனவேதனை தரும் நம்பிக்கை. “அவளின்ரை பாஸ்போட்டும் கார்டும் மாமியிட்டைப் பத்திரமா இருக்கு.” முதலில் கார்டைச் சொல்கிறேன். பி.ஆர்.பி. எனப்படும் வதிவிட அனுமதி அட்டைகள் 2024 டிசம்பர் 31ஓடு காலாவதியாகிவிட்டன. அட்டை காலாவதியானதால் விசா போய்விட்டது என்று பயப்படத் தேவையில்லை. இப்போது குடிவரவு நிலை இ-விசாவாக இணையக் கணக்கில் இருக்கிறது. வேலை தருபவருக்கோ வீட்டுக்காரருக்கோ காட்ட அந்தக் கணக்கிலிருந்து ஒரு பகிர்வு எண் எடுக்கலாம், அது 90 நாட்களுக்குச் செல்லும். கடவுச்சீட்டைப் புதுப்பித்தால் புது எண்ணை அந்தக் கணக்கில் சேர்க்கவேண்டும், இல்லாவிட்டால் கட்டுநாயக்காவில் விமானம் ஏறும்போதே தடுக்கப்படலாம். அந்தக் கணக்கைத் திறக்கும்போது எந்த மின்னஞ்சல், யாருடைய தொலைபேசி எண் கொடுக்கப்படுகிறது? பல வீடுகளில் கணவனுடையது, ‘அவளுக்கு இதெல்லாம் தெரியாது’ என்ற காரணத்தோடு. உள்ளே நுழையும்போது குறியீட்டு எண் அந்தத் தொலைபேசிக்கோ மின்னஞ்சலுக்கோதான் வரும். அவள் தன் விசாவைத் தான் பார்க்கவே இன்னொருவரின் தொலைபேசியைக் கேட்கவேண்டும். பெண்ணைப் பெற்றவர்களே, மாப்பிள்ளை எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி, அந்த மின்னஞ்சலும் எண்ணும் உங்கள் மகளுடையதாக இருக்கட்டும். கடவுச்சீட்டு அவள் கையிலேயே இருக்கட்டும். ஒருவரின் கடவுச்சீட்டையும் விசா ஆவணங்களையும் பிடித்துவைத்து அவரை அடக்கி ஆள்வதை, 2015ஆம் ஆண்டின் சட்டம் குற்றமாக்கிய கட்டுப்படுத்தும் நடத்தையின் வடிவங்களில் ஒன்றாகவே இங்கே பார்க்கிறார்கள்.

“அவர் விட்டிட்டார் எண்டால் விசா போயிடும், நீ ஊருக்குத்தான் போகோணும்.” அடிபட்டுக்கொண்டும் வாய் திறக்காமல் இருக்கும் பெண்களை இந்த ஒரு வாக்கியமே கட்டிவைத்திருக்கிறது. கணவன் ஹோம் ஒபிஸுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி மனைவியின் விசாவை ரத்துச் செய்துவிட முடியாது. பிரிந்துவிட்டார்கள் என்று தெரிந்தால் ஹோம் ஒபிஸ் விசாக் காலத்தைக் குறைக்கலாம் என்பது உண்மை. ஆனால் உறவு முறிந்தது குடும்ப வன்முறையால் என்றால், துணைவர் விசாவில் வந்தவர் தன் பெயரிலேயே நிரந்தர வதிவுரிமைக்கு விண்ணப்பிக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. 1979இல் தொடங்கிய சவுத்தோல் பிளாக் சிஸ்டர்ஸ் போன்ற அமைப்புகள் பல வருடம் போராடிப் பெற்ற வழி அது. அதற்கு ஐந்து வருடம் நிறையத் தேவையில்லை, கணவனின் கையெழுத்தும் தேவையில்லை. கையில் காசில்லாதவர், விண்ணப்பத்தைத் தயார் செய்யும் வரை அரச உதவி பெறக்கூடிய மூன்று மாதத் தற்காலிக அனுமதியை முதலில் கேட்கலாம், கட்டண விலக்கும் கேட்கலாம். வன்முறை என்பது அடி மட்டுமல்ல, பணத்தைப் பறிப்பதும் பூட்டி வைப்பதும் மிரட்டுவதும் அதில் அடங்கும். வைத்தியரின் குறிப்பு, பொலிஸ் முறைப்பாட்டு எண், பாடசாலை ஆசிரியரின் கடிதம், தங்குமிடத்தின் கடிதம் ஆகியவை இங்கே சான்றாகும். கடவுச்சீட்டை மறைத்துவைத்திருக்கிறார்கள் என்றால் அதையே விண்ணப்பத்தில் எழுதலாம். தேசிய குடும்ப வன்முறை உதவி எண் 0808 2000 247. இலவசம், இரவு பகல் எந்நேரமும் எடுக்கலாம்.